வழக்குக் கட்டை மூடாத நீதிபதி

என் அப்பா ஒரு சிற்றூர் முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே அன்றைய கதை தொடங்கிவிடும். எத்தனையோ கேட்டிருக்கிறேன். மனதில் நின்றது ஒரு பெரியவரின் கதை. வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார் என்று வழக்குப் போட்டவர் அவர். ஒன்பது ஆண்டு நடந்து ஜெயித்தார். அதன் பிறகும் டிக்ரி நகலைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா போனால் வேலி விலகும். அமீனா திரும்பினால் வேலியும் திரும்பிவிடும். உடனே ஒரு நிறைவேற்று மனு, அதற்கு ஓர் ஆட்சேபணை, அதற்கு ஒரு வாய்தா. “தீர்ப்பு வாங்குவது பாதிக் கிணறு தாண்டுகிற மாதிரி” என்பார் அப்பா. பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே கிடப்பான் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

இத்தனை வருடம் கழித்து இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், அமெரிக்காவில் ஒரு பஸ் நிலையத்தின் முன்னால் நின்றதால்.

மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள். போன வருடம் அவளிடம் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்கோமரிக்கு அழைத்துப் போனாள். 160 மைல். எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்த ஊர், மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த தேவாலயம் என்று பார்க்க வேண்டியவை நிறைய இருந்தன. நான் நின்றுவிட்ட இடம் கிரேஹவுண்ட் என்ற பஸ் கம்பெனியின் பழைய நிலையம். இப்போது அது அருங்காட்சியகம். கறுப்பர்கள் நுழைவதற்கென்று தனியாக இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்த தடம் சுவரில் இன்னும் தெரிகிறது.

1961 மே 20 அன்று, நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து பயணம் செய்த இளைஞர்கள் இங்கே இறங்கியதும் ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டு அடித்தது. உள்ளூர்க் காவல்துறை வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. மத்திய அரசின் சட்டத்துறை அதிகாரி ஜான் டோர், ஃபெடரல் கட்டடத்தின், அதாவது மத்திய அரசுக் கட்டடத்தின், ஜன்னலிலிருந்து இதைப் பார்த்தபடி தொலைபேசியில் வாஷிங்டனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் நிலையத்தை ஒட்டி நிற்கும் அந்தக் கட்டடம்தான் நீதிமன்றம். இப்போது அதற்குப் பெயர் ஃப்ராங்க் எம். ஜான்சன் நீதிமன்றம்.

ரோசா பார்க்ஸைப் பள்ளிக் குழந்தைகளும் அறிவார்கள். ஃப்ராங்க் ஜான்சன் யார் என்று என்னைக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். இத்தனைக்கும் மான்ட்கோமரி பஸ்களில் நிறப் பாகுபாட்டைச் சட்டப்படி ஒழித்த தீர்ப்பில் கையெழுத்திட்டவர்களில் அவர் ஒருவர். ரோசா பார்க்ஸ் கைதானதும் கறுப்பர்கள் தொடங்கிய பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது என்று சொல்கிறோம். அது முடிந்த விதம் பற்றிப் பேசுவதில்லை. நகராட்சி மனம் மாறவில்லை. 1956 பிப்ரவரியில் ஃப்ரெட் கிரே என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். வாதிகள் நான்கு பெண்கள். ரோசா பார்க்ஸ் அதில் இல்லை, அவர்மீதான குற்றவழக்கு மாநில நீதிமன்றத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நால்வரில் ஒருத்தி க்ளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, பதினைந்து வயதில், இதே குற்றத்துக்காகப் பஸ்ஸிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவள். விசாரணையில் நகராட்சி வழக்கறிஞர் உங்களுக்குத் தலைவர் யார் என்று கேட்டார். கிங்கின் பெயரைச் சொல்லவைக்கப் போட்ட தூண்டில் அது. எங்களுக்கு நாங்களேதான் என்றாள் அந்தப் பெண்.

மாநிலச் சட்டத்தையே எதிர்க்கும் வழக்கு என்பதால் மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள். ரிச்சர்ட் ரைவ்ஸ், சேபர்ன் லின், ஃப்ராங்க் ஜான்சன். அறைக்குள் போனதும் வழக்கப்படி இளையவர் முதலில் சொல்ல வேண்டும். மூத்தவர் வாயைப் பார்த்து இளையவர் பேசிவிடக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல வழக்கம். ஜான்சனுக்கு அப்போது 37 வயது, பதவிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அரசு சுமத்தும் பாகுபாடு அரசியலமைப்புக்கு விரோதம், நான் வாதிகள் பக்கம் என்றார். ரைவ்ஸ் ஒப்புக்கொண்டார், லின் மறுத்தார். உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆனதாகச் சொல்வார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த உத்தரவு மான்ட்கோமரிக்கு வந்து சேர்ந்த மறுநாள், டிசம்பர் 21 அன்று, கறுப்பர்கள் முன்னிருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

இப்படி ஒருவர் அலபாமாவில் எப்படி முளைத்தார் என்பதற்கு அவர் பிறந்த மண்ணைச் சொல்வார்கள். மாநிலத்தின் வடக்கே மேட்டுநிலம், வின்ஸ்டன் கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டம் போல. பருத்தித் தோட்டம் பெரிதாக இல்லை, அதனால் அடிமைகளும் அதிகம் இல்லை. 1861-இல் அலபாமா அமெரிக்காவை விட்டுப் பிரிந்து போனபோது இந்தப் பக்கத்து ஜனங்கள் நாங்கள் வரவில்லை என்றார்கள். ‘சுதந்திர வின்ஸ்டன்’ என்று அதற்கு இன்றும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 1918-இல் அங்கே பிறந்தவர் ஜான்சன். மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சியாக இருந்தபோது இவர்கள் குடும்பம் குடியரசுக் கட்சி. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் காயம்பட்டுத் திரும்பினார். 1955-இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அவரை ஃபெடரல் நீதிபதியாக்கினார். ஊர் மண்ணே ஒருவரைச் செய்துவிடும் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. வின்ஸ்டனில் பிறந்த எல்லோரும் ஜான்சன் ஆகிவிடவில்லையே.

என்னைக் கேட்டால் மண்ணைவிடப் பதவியின் அமைப்பு முக்கியம். அலபாமாவில் மாநில நீதிபதிகள் தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி வருகிறவர்கள். ஃபெடரல் நீதிபதியை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும், அதன் பிறகு ஆயுளுக்கும் பதவி. நம் மாவட்ட நீதிபதியைப் போல அவரும் சாட்சியை நேரில் பார்த்து விசாரிக்கும் முதல் படி நீதிபதிதான். ஆனால் யாரும் அவரை வேறு ஊருக்கு மாற்ற முடியாது. இது பாதுகாப்பு, இதுவே தண்டனையும். தீர்ப்பு எந்த ஊரில் இடி போல இறங்குகிறதோ அதே ஊரில் அவர் காய்கறி வாங்க வேண்டும், தேவாலயத்துக்குப் போக வேண்டும். வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேருக்கு அந்தத் தொல்லை இல்லை.

பஸ் தீர்ப்புக்குப் பிறகு ஜான்சன் வீட்டுப் புல்வெளியில் சிலுவையை எரித்தார்கள். ரைவ்ஸின் மகன் விபத்தில் இறந்தவன். அவன் கல்லறையில் குப்பையைக் கொட்டினார்கள். 1967-இல் ஜான்சனின் தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்த அந்த அம்மாள் காயமின்றித் தப்பினார். தகப்பனாருக்கும் மகனுக்கும் ஒரே பெயர், தொலைபேசிப் புத்தகத்தில் அந்த வீடும் ஃப்ராங்க் எம். ஜான்சன் என்றே இருந்தது. ஆள் மாறிவிட்டது என்பார்கள்.

பின்னாளில் அலபாமாவின் ஆளுநரான ஜார்ஜ் வாலஸைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அலபாமா பல்கலைக்கழகத்தில் அவரும் ஜான்சனும் ஒன்றாகப் படித்த நண்பர்கள். 1958-இல் ஆளுநர் தேர்தலில் தோற்ற வாலஸ் அப்போது மாநில நீதிபதி. கறுப்பர்களை வாக்காளராகச் சேர்க்காத விவகாரத்தை விசாரித்த ஃபெடரல் ஆணையம் இரண்டு கவுண்டிகளின் பதிவேடுகளைக் கேட்டது. தரமாட்டேன் என்று வாலஸ் அவற்றைத் தம் வசம் எடுத்துக்கொண்டார். கொடு என்று ஜான்சன் உத்தரவிட்டார்.

1959 ஜனவரியில் ஓர் இரவு, ஊர் உறங்கிய பிறகு, வாலஸ் ஜான்சனின் வீட்டுக் கதவைத் தட்டினார். கேட்டது இதுதான்: அவமதிப்புக்காக எனக்குச் சில நாள் சிறை கொடு. பத்துப் பதினைந்து நாள் போதும், அரசியலில் உதவும். வாஷிங்டனை எதிர்த்துச் சிறை சென்ற செம்மல் என்று சுவரொட்டி ஒட்டலாம் அல்லவா? நம் ஊர் அரசியல் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஜான்சன், பதிவேட்டைக் கொடுக்காவிட்டால் என்னால் எவ்வளவு நாள் உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவும் தள்ளுவேன் என்றார். வாலஸ் போய்ப் பதிவேடுகளை ‘கிராண்ட் ஜூரி’ என்ற குடிமக்கள் விசாரணைக் குழுவிடம் கொடுத்து, அவர்கள் மூலம் ஆணையத்திடம் சேரும்படி செய்தார். வெளியே வந்து நான் பணியவில்லை என்றார். ஜான்சன் தம் தீர்ப்பில், இவர் சுற்றுவழியில் உத்தரவை நிறைவேற்றிவிட்டார், ஆகவே அவமதிப்பு இல்லை என்று எழுதினார். சிறையைவிட இது கடுமையான தண்டனை. பணிந்துவிட்டான் என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தது போல. 1962 தேர்தலில் வாலஸ் மேடைக்கு மேடை ஜான்சனைத் திட்டினார். அந்த வசவின் கடைசிச் சொல் ‘பொய்யன்’. அதற்கு முந்தியவற்றில் ஒன்று, வடக்கத்தியரோடு சேர்ந்துகொண்ட துரோகிகளுக்குத் தெற்கில் வழங்கும் பழைய வசைச்சொல். வாலஸ் ஜெயித்தும் விட்டார்.

ஜெயித்தவர் சும்மா இருந்திருக்கலாம். மேகன் கவுண்டியில் ஒரே ஒரு பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கும்படி 1963-இல் ஜான்சன் உத்தரவிட்டார். ஆளுநர் வாலஸ் மாநிலப் போலீஸை அனுப்பிப் பள்ளியையே மூடவைத்தார். வழக்கறிஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்: ஓர் உள்ளூர்ப் பள்ளியை ஆளுநரால் மூட முடிகிறதென்றால் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளும் அவர் கையில்தானே இருக்கின்றன? 1967-இல், கிட்டத்தட்ட நூறு பள்ளி மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே உத்தரவு வந்தது. ஒரு கவுண்டி வழக்கை மாநில வழக்காக்கிக் கொடுத்தது வாலஸின் கைங்கரியம். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் ஆள் சும்மாவா சொன்னான்.

ஜான்சனைப் புரட்சிக்காரர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அலபாமாவிலுள்ள டஸ்கீகி நகரின் எல்லையை 1957-இல் மாநிலச் சட்டமன்றம் மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கம் கொண்ட விநோத உருவமாகி, சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் ஊருக்கு வெளியே போனார்கள். வழக்கு ஜான்சனிடம் வந்தது. எல்லையை வரைவது சட்டமன்றத்தின் உரிமை, எனக்கு அதிகாரமில்லை என்று தள்ளுபடி செய்தார். 1960-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. முன்தீர்ப்புகள் அப்படி இருந்தன என்பது அவர் தரப்பு நியாயம். இருக்கட்டும், அந்த வரைபடத்தைப் பார்த்த கண் அதிகாரமில்லை என்று எப்படி எழுதியது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. 1961-இல் பஸ் நிலைய அடிதடிக்குப் பிறகும் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பையும் மான்ட்கோமரி போலீஸையும் கட்டுப்படுத்தியவர், கூடவே அப்படிச் சேர்ந்து பயணம் செய்தவர்கள் தரப்புக்கும் தற்காலிகத் தடை போட்டார். இரு தரப்பிலும் அவரை மனதாரப் பாராட்டியவர்கள் குறைவு.

அலபாமாவின் செல்மா நகரிலும் அப்படித்தான் தொடங்கியது. 1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் விரட்டியது. இரண்டு நாளில் மறுபடி நடக்க கிங் புறப்பட்டபோது, விசாரணை முடியும்வரை நடக்கக் கூடாது என்று தடை போட்டவர் ஜான்சன். விசாரணையில் அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த தொலைக்காட்சிப் படத்தை நீதிமன்றத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ஓடி முடிந்தது. ஜான்சன் எழுந்தார், அங்கியை உதறிச் சரிசெய்துகொண்டார், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மார்ச் 17 தீர்ப்பில் ஒரு வரி புகழ்பெற்றது. நெடுஞ்சாலையில் கூடி நடக்கும் உரிமையின் அளவு, எதிர்க்கப்படும் அநீதியின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அது. சட்டக் கல்லூரிகளில் இந்த வரியை விவாதிப்பார்கள். பெஞ்ச் கிளார்க்கின் மகனுக்குப் பிடித்தது அதன் மற்ற பக்கங்கள். செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு 54 மைல். சாலை இருவழியாகக் குறுகும் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது, நான்கு வழியாக விரியும் இடத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். வழியில் தங்குமிடம், உணவு, கழிப்பறை வரை திட்டம் போட்டுத் தரச் சொல்லி, அதைத் தீர்ப்போடு சேர்த்தார். அதற்கும் முன்னால் இன்னொன்று செய்தார். இந்த உத்தரவை மத்திய அரசு நிறைவேற்றித் தருமா என்று கேட்டு, ஜனாதிபதியின் பக்கமிருந்து உறுதி பெற்றுக்கொண்டார். மார்ச் 25 அன்று சுமார் 25,000 பேர் மான்ட்கோமரிக்குள் நுழைந்தார்கள். மஞ்சள் பைப் பெரியவருக்கு இப்படி ஒரு நீதிபதி வாய்க்கவில்லை.

அன்றிரவே அந்தச் சாலையில், ஊர்வலத்தினரைக் காரில் கொண்டுவிட்டுக்கொண்டிருந்த வயோலா லியுஸோ என்ற பெண்ணைக் கிளான்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். மாநில ஜூரி தண்டிக்கவில்லை. ஃபெடரல் வழக்கு ஜான்சனிடம் வந்தது. ஜூரி ஒத்துவரவில்லை என்று திரும்பியபோது, நீங்கள் இன்னும் போதுமான நேரம் யோசிக்கவில்லை என்று மறுபடி உள்ளே அனுப்பினார். குற்றம் சாட்டப்பட்ட மூவருக்கும் பத்தாண்டு சிறை. பெண்கள் ஜூரியில் உட்காரக் கூடாது என்ற அலபாமா சட்டத்தை 1966-இல் ரத்து செய்த அமர்விலும் அவர் இருந்தார். விமானப்படைப் பெண் அதிகாரி ஒருவர் கணவருக்குச் சலுகை கேட்ட வழக்கில் 1972-இல் தனியாக மாறுபட்டு எழுதினார், மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர் சொன்ன முடிவுக்கு வந்தது.

இவற்றையெல்லாம்விட என்னைப் பிடித்து உட்கார வைத்தது பிரைஸ் மருத்துவமனை.

டஸ்கலூசாவில் 1861 முதல் இயங்கிய மாநில மனநல மருத்துவமனை. 1970-இல் சிகரெட் வரி வருமானம் குறைந்தது என்று அங்கே 99 ஊழியர்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். வழக்கின் தொடக்கம் அவர்களுடைய வேலை. அது மெல்ல நோயாளிகளின் வழக்காக மாறியது. முதல் வாதி பதினைந்து வயதுப் பையன், அவனுடைய அத்தை அங்கே வேலை பார்த்தவர். சுமார் 5,000 பேர் அடைந்து கிடந்த இடத்தில், சிகிச்சைக்கென்று இருந்தவர்கள் ஓரளவு மனநலப் பயிற்சி பெற்ற மூன்று மருத்துவர்கள், ஓர் உளவியலாளர், முதுகலை படித்த இரண்டு சமூகப் பணியாளர்கள். ஒரு நோயாளியின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு அரை டாலருக்கும் குறைவு. 1971 மார்ச்சில் ஜான்சன் எழுதினார்: உன் நன்மைக்காக, சிகிச்சைக்காக என்று சொல்லி ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்துவிட்டு, அந்தச் சிகிச்சையையும் தராமல் இருப்பது நியாயமான சட்டமுறையின் அடிப்படையையே மீறுவது. இப்படி ஓர் உரிமை உண்டு என்று அதற்கு முன் எந்த ஃபெடரல் நீதிமன்றமும் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார். பணம் இல்லை என்றது மாநிலம். அது காரணமாகாது என்றார்.

அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான பார்ட்லோ பள்ளியும் வழக்கில் சேர்ந்தது. அங்கிருந்து வந்த சாட்சியத்தைப் படிக்க மனம் திடமாக இருக்க வேண்டும். விரல் சூப்புகிறார் என்பதற்காக ஒருவரை ஒன்பது ஆண்டு கைகளைக் கட்டும் அங்கிக்குள் வைத்திருந்தார்கள். உடன் இருந்த இன்னொருவர் குழாயால் கொதிநீரைப் பாய்ச்சி ஒருவர் இறந்தார்.

1972 ஏப்ரலில் வந்த உத்தரவைப் பாருங்கள். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை. பதினைந்து பேருக்கு ஒரு குளியல் குழாய். ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 80 சதுர அடி. குழாயில் வரும் வெந்நீர் 110 டிகிரி ஃபாரன்ஹீட், தானியங்கிக் கருவி வைத்துக் கட்டுப்படுத்த வேண்டும். நீதிபதி வெந்நீரின் சூட்டைத் தீர்ப்பில் எழுதலாமா என்று அன்றைக்கே கேலி செய்தார்கள். நீதிமன்றம் மாநிலத்தை ஆளப் பார்க்கிறது என்றார்கள். அந்த விமர்சனத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வரவு செலவுத் திட்டம் போட வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான். ஆனால் பார்ட்லோ சாட்சியத்தைப் படித்துவிட்டு அந்த 110 என்ற எண்ணைப் படித்தால் சிரிப்பு வருவதில்லை. ‘போதிய வெந்நீர் தரப்பட வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அந்தப் ‘போதிய’ என்ற சொல்லுக்குள் புகுந்து மாநிலம் பத்து வருடம் ஒளிந்திருக்கும். எண்ணுக்குள் ஒளிய இடமில்லை. கூடவே, உள்ளே போய்ப் பார்த்து நீதிமன்றத்துக்குச் சொல்ல மனித உரிமைக் குழுக்களையும் அமைத்தார். அமீனா திரும்பிய பிறகும் வேலியைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1976-இல் இதையே சிறைகளுக்கும் செய்தார். நான்கடிக்கு எட்டடி அறையில் ஆறு பேர் வரை, கட்டில் இல்லை, விளக்கு இல்லை, கழிப்பிடம் என்று தரையில் ஓர் ஓட்டை. வாலஸ் மறுபடி கொதித்தார். 1977-இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஜான்சனை எஃப்.பி.ஐ. இயக்குநராக அழைத்தார், உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். புகையிலை மெல்லும் பழக்கமுள்ள அந்த வின்ஸ்டன் மனிதர் 1999 ஜூலையில் மான்ட்கோமரியிலேயே இறந்தார்.

பிரைஸ் வழக்கு அப்போதும் முடியவில்லை. ஆளுநர்கள் மாறினார்கள், துறை ஆணையர்கள் மாறினார்கள், அதனால் வழக்கின் தலைப்பில் பிரதிவாதி பெயர் மாறிக்கொண்டே போனது. 2003 டிசம்பரில், அதே மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி மைரன் தாம்ப்சன் வழக்கை முடித்துவைத்தார். 33 ஆண்டு. ஆயிரக்கணக்கில் அடைந்து கிடந்த பிரைஸில் அதற்குள் சில நூறு பேர்தான் இருந்தார்கள். சிறைகளின் கதை அப்படி முடியவில்லை. 2017-இல் அதே தாம்ப்சன், அலபாமா சிறைகளில் மனநல சிகிச்சை படுமோசமாக இருக்கிறது என்று 300 பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

சனிக்கிழமை என்பதால் நீதிமன்றம் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன், கூடத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. மகள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிரைஸ் வழக்கின் எண் 3195-என். அப்பா இருந்திருந்தால் தீர்ப்பைப் பற்றி ஒன்றும் கேட்டிருக்கமாட்டார். முப்பத்து மூன்று வருடக் கட்டு எவ்வளவு தடிமன் இருக்கும், எந்த அலமாரியில் வைத்தார்கள், கரையான் பிடிக்காமல் யார் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் கேட்டிருப்பார்.